ரெண்டாவது குழந்தைக்கப்புறம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை நான் பண்ணிக்கலாம்னு இருக்கேன், வீட்ல யாரும் ஒத்துக்கல

பவானிக்கரை

வணக்கம்ங்க. எனக்கு 34 வயசு, வீட்டுக்காரிக்கு 29. ரெண்டு பொண்ணுங்க. பெரியவளுக்கு அஞ்சு வயசு, சின்னவளுக்குப் பதினாலு மாசம். ரெண்டும் சுகப்பிரசவம். சின்னவ பொறந்தப்ப வீட்டுக்காரிக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருந்ததால கு.க. ஆபரேஷனை டாக்டர் தள்ளிப் போட்டுட்டாங்க. இப்ப அவளுக்குப் பதிலா நான் வாசக்டமி (ஆம்பளைங்களுக்கான கு.க. ஆபரேஷன்) பண்ணிக்கறதுன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கோம்.

அப்பா அம்மாவோட ஒரே வீட்லதான் இருக்கோம். அம்மா "காயடிச்ச எருதாட்டம் ஆயிருவே"ங்கறாங்க. அப்பா "நம்ம வம்சத்துல எந்த ஆம்பளையும் இதுக்குப் போனதில்ல"ங்கறாரு. மாமியார்கிட்ட சொன்னா ஆதரவா இருப்பாங்கன்னு பார்த்தா, "எம்பொண்ணே பண்ணிக்குவா, மாப்பிள்ளை உடம்புல கை வெக்க வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. தறிப்பட்டறை வேலை, பாவு பீம் (நூல் சுத்தின கனமான உருளை) தூக்கணும். வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்தன்தான்.

கேள்வி இதுதாங்க. ஆபரேஷன்ல நிஜமா என்ன பண்றாங்க? எத்தனை நாள் வேலைக்குப் போகக் கூடாது? பலம் குறையுமா? வீட்ல எப்படிப் பேசறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தியேட்டர் சிஸ்டர்

தம்பி, பலத்துக்கும் வேலைக்கும் முதல்ல சொல்லிடறேன். பலம் குறையாது. உட்கார்ந்து பார்க்கற வேலைன்னா ரெண்டு நாள் ஓய்வு போதும். உங்க மாதிரி பீம் தூக்கறவங்க முழுசா ஒரு வாரம் எடை தூக்கக் கூடாது. அந்த ஒரு வாரம் சைக்கிளும் வேண்டாம்.

இனி உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கலாம். விதைப்பையில ரெண்டு பக்கமும் விதையிலேர்ந்து மேல ஏறிப் போற ஒரு குழாய் இருக்கு. விரலால உருட்டிப் பார்த்தா மெலிசான பேனா ரீஃபில் மாதிரி கெட்டியா நழுவும். அதுதான் விந்துக்குழாய். அந்த ரெண்டு குழாயை மட்டும்தான் வெட்டிக் கட்டறோம். விதையைத் தொடறதே இல்ல.

இப்ப அரசு ஆஸ்பத்திரிகள்ல பண்றது கத்தி வெக்காத முறை. 1974ல் சீனாவுல லீ ஷுன்சியாங்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சது. டாக்டர் மூணு விரலால குழாயைத் தோலுக்கு அடியில நடுக்கோட்டுக்குக் கொண்டு வருவார். அங்க லிக்னோகெயின் மரப்பு ஊசி போடுவாங்க. வலிக்கிறது அந்த ஊசிக் குத்து மட்டும்தான். எறும்பு கடிச்ச மாதிரி சில நொடி. அப்புறம் நுனியில வளையம் இருக்கற ஒரு இடுக்கியால தோலோட சேர்த்துக் குழாயைப் பிடிப்பாங்க. கூர்முனை இடுக்கியால தோல்ல ஒரு சின்ன ஓட்டை போட்டு, அதை விரிச்சு, குழாயை வளைவா வெளியே எடுப்பாங்க. ஒரு சென்டிமீட்டர் அளவு வெட்டி எடுத்து முனையைக் கட்டிட்டு, ஒரு முனைக்கு மேல மெல்லிய சவ்வை இழுத்து மூடிக் கட்டுவாங்க. ரெண்டு முனையும் திரும்ப ஒட்டாம இருக்க அந்தச் சவ்வுதான் காவல். அதே ஓட்டை வழியா அடுத்த பக்கக் குழாய். மொத்தம் 15, 20 நிமிஷம். தையல் கிடையாது. குழாயை வெளியே இழுக்கறப்ப அடிவயித்துல ஒரு இழுவை தெரியும், அது சாதாரணம். மூச்சை அடக்காம விட்டா சீக்கிரம் போயிடும்.

போறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது: குடலிறக்கம், விதைப்பையில ஓதம் (நீர் கோத்த வீக்கம்), நரம்புச் சுருட்டல், தோல்ல சிரங்கு, படர்தாமரை எது இருந்தாலும் முதல்லயே சொல்லிடுங்க. சிரங்கோட பண்ணினா சீழ் பிடிக்கும், ஓதம் இருந்தா குழாய் கைக்கு அகப்படாது. சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாதவங்க அதையும் சொல்லிடணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட கேட்காம அந்த மாத்திரையை நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. அன்னைக்குக் காலையில முடியை நறுக்கி, சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க. வெறும் வயிறு வேண்டாம், ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வரலாம். இறுக்கமான ஜட்டி புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. லூசான டிராயர் உதவாது. கூட ஒருத்தர் வரணும், திரும்பிப் போறப்ப பைக்கை அவங்க ஓட்டட்டும், இல்லைன்னா ஆட்டோவுல போங்க. இதுல பிடிவாதம் பிடிக்கற ஆம்பளைங்கதான் மறுநாள் வீக்கத்தோட வர்றாங்க.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. தியேட்டர்ல ஏ.சி. ரொம்பக் குளிரா இருந்தா விதைப்பை சுருங்கி மேல ஏறிக்கும், குழாயைப் பிடிக்கறது கஷ்டம், ஆபரேஷன் இழுக்கும். பயத்துலயும் அப்படித்தான். குளிருதுன்னா வாய் திறந்து சொல்லுங்க, குறைச்சு வைப்பாங்க.

வீட்டுக்கு வந்ததும் அன்னைக்கும் மறுநாளும் படுத்தே இருங்க. ஐஸைத் துணியில சுத்தி, ஒரு தடவைக்குப் பத்துப் பதினைஞ்சு நிமிஷம்னு விட்டு விட்டு வெக்கணும். வெறும் ஐஸைத் தோல்ல வெக்காதீங்க. ஜட்டியை ராத்திரியும் கழட்ட வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால். ஆஸ்பிரின் எடுக்காதீங்க, ரத்தக் கசிவு கூடும். ஒரு நாள் கழிச்சுக் குளிக்கலாம், ஓட்டை இருக்கற இடத்தைத் தேய்க்கக் கூடாது.

லேசான வீக்கம், ஊதா நிறக் கன்றல் பயப்பட வேண்டியது இல்ல. ஆனா வீக்கம் மணிக்கு மணி பெருசாயிட்டே போனா, காய்ச்சல் 100.4க்கு மேல போனா, சீழ் வந்தா, அதே நாள் ஆஸ்பத்திரி. பெருசாகுற வீக்கம்னா உள்ள ரத்தம் கட்டுதுன்னு அர்த்தம். பெரும்பாலும் முதல் ரெண்டு நாளுக்குள்ள, எடை தூக்கினதாலயோ வண்டி ஓட்டினதாலயோ வரும். சில வாரம் கழிச்சுப் பட்டாணி அளவுல ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படலாம். வெட்டின முனையிலேர்ந்து கசிஞ்ச விந்தணுவைச் சுத்தி உடம்பு போட்ட கூடு அது. வலி இல்லைன்னா விட்டுடலாம். நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு மாசக்கணக்குல வலி நிக்கறதும் உண்டு. அதையும் தெரிஞ்சே கையெழுத்துப் போடுங்க.

உங்க வீட்டம்மா பக்கம் ஒரு விஷயம். சிசேரியன் பண்றப்ப வயித்தைத் திறந்துதான் வெச்சிருப்பாங்க, அதுலயே கர்ப்பக் குழாயைக் கட்டறது கூடுதலா சில நிமிஷ வேலை. அப்ப பெண்ணுக்குப் பண்றதுல அர்த்தம் இருக்கு. அவங்களுக்கு ரெண்டும் சுகப்பிரசவம். இனி பண்ணினா அதுக்குன்னே வயித்தைத் திறக்கணும், கூடவே ரத்தம் கம்மி. உங்களுக்குத் தோல்ல ஒரு ஓட்டை. உங்க வீட்டுக் கணக்குல எது லேசுன்னு இதுலயே தெரியுது.

மேய்ச்சல் நிலம்

அம்மா சொன்ன "காயடிச்ச எருது" பற்றி மட்டும் எழுதுகிறேன். மாடு வளர்க்கும் குடும்பங்களில் இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. கண்ணால் பார்த்ததிலிருந்து வந்தது. ஆகவே "அது மூடநம்பிக்கை" என்று தள்ளாமல், மாட்டை வைத்தே விளக்குங்கள்.

காளைக்குக் காயடிக்கும்போது பெரிய இடுக்கியால் விதைக்கு மேலே உள்ள கொடியை நசுக்குகிறோம். அந்தக் கொடிக்குள் விந்துக்குழாய் மட்டுமில்லை, விதைக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்களும் இருக்கின்றன. ரத்தம் நின்றால் விதை செத்துச் சில வாரங்களில் சுருங்கிவிடும். ஆண் இயல்பைத் தரும் டெஸ்டோஸ்டிரோன் விதையில்தான் சுரக்கிறது. விதை போனால் அதுவும் போகிறது. அதனால்தான் திமில் படிந்து, முரட்டுத்தனம் அடங்கி, எருது ஏருக்கும் வண்டிக்கும் பணிகிறது.

வாசக்டமியில் ரத்த நாளத்தைத் தொடுவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் விந்துக்குழாய் வழியாகப் போவதும் இல்லை. விதையிலிருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. குழாயை அடைத்தாலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. குரல், மீசை, தசை, ஆசை எதுவும் மாறாததற்கு இதுதான் காரணம்.

மாட்டுப் பண்ணைகளில் இதற்கு ஒரு நேரடிச் சாட்சி உண்டு. எந்தப் பசு சினைப்பருவத்துக்கு வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, வாசக்டமி செய்த காளையை மந்தையில் விடுவார்கள். டீசர் காளை என்று பெயர். பருவத்துக்கு வந்த பசுவை அது தேடிப் போய் ஏறும், ஆனால் சினை பிடிக்காது. பிறகு அந்தப் பசுவுக்குச் சினை ஊசி போடுவார்கள். வாசக்டமியால் காளையின் ஆண்தன்மை போய்விடுமானால் இந்த வேலைக்கு அதை வைத்திருக்கவே முடியாது. காயடித்த எருதைப் பார்த்துப் பயப்படும் அம்மாவுக்கு, டீசர் காளையைச் சொல்லிப் பாருங்கள். வாசக்டமி முடிந்த உடனே அந்தக் காளையையும் மந்தையில் விடமாட்டோம். குழாயில் மிச்சமிருக்கும் அணுக்கள் வெளியேறச் சில வாரங்கள் காத்திருப்போம். மனிதருக்கும் அந்தக் காத்திருப்பு உண்டு.

"விந்தே வராது" என்று நினைப்பவர்களுக்காக ஒரு வரி. விந்து நீரில் விந்தணுவின் பங்கு நூற்றில் ஐந்துக்கும் குறைவு. மீதி முழுக்க விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர். இரண்டுமே குழாய் வெட்டப்படும் இடத்துக்கு மேலே இருக்கின்றன. அளவிலோ நிறத்திலோ கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்காது. விதையில் தொடர்ந்து உற்பத்தியாகும் அணுக்களை உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும், எங்கும் தேங்கி நோயாகாது.

பழைய ஆவணம்

அப்பா சொல்லும் "வம்சத்துல எந்த ஆம்பளையும் போனதில்ல" என்பதைப் பற்றி. உங்கள் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் ஆண்கள் இதற்குப் போகமாட்டார்கள் என்பது நம் மரபு என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இந்தத் தயக்கத்தின் வயது ஐம்பது ஆண்டை ஒட்டித்தான்.

1950களின் பிற்பகுதியிலேயே ஊக்கத்தொகை கொடுத்து ஆண் கருத்தடையை நடத்திய மாநிலம் சென்னை மாநிலம். அன்றைய தலைமைச் செயலர் ஆர்.ஏ. கோபாலசுவாமி அதை முன்னின்று நடத்தினார். 1960களின் நடுவில் இந்தியாவில் நடந்த கருத்தடை அறுவைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஆண்களுக்கு நடந்தவை. 1971 ஜூலையில் பக்கத்துக் கேரளத்தில் எர்ணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் சுமார் 63,000 பேர், கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள், செய்துகொண்டார்கள். "நாம் இருவர் நமக்கு இருவர்" என்று சுவரில் எழுதியிருந்த காலத்தில், ஆபரேஷன் என்றாலே ஊரில் ஆண்களுக்கான ஆபரேஷன்தான்.

அந்த வழக்கம் உடைந்தது நெருக்கடி நிலை (எமர்ஜென்சி) காலத்தில். 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 82 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடைகள், அவற்றில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு. பெரும்பகுதி இலக்கு நிரப்ப, மிரட்டியும் இழுத்துப் போயும் செய்யப்பட்டவை. வட மாநிலங்களில்தான் கொடுமை அதிகம், ஆனால் பயம் நாடு முழுக்கப் பரவியது. 1977ல் ஆட்சி மாறியதும் துறையின் பெயரே "குடும்பக் கட்டுப்பாடு" என்பதிலிருந்து "குடும்ப நலம்" ஆனது. அதன்பின் பல ஆண்டுகள் அரசுகள் ஆண்கள் பக்கம் திரும்பத் தயங்கின. வயிற்றில் சிறு துளை போட்டுப் பெண்களுக்குக் கருத்தடை செய்யும் லேப்ராஸ்கோப் கருவியும் வந்தது. சுமை முழுவதும் பெண்ணின் வயிற்றுக்கு இறங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், குடும்பக் கட்டுப்பாட்டு முறையாக வாசக்டமியைச் சொன்ன தம்பதிகள் 0.3 சதவீதம், பெண் கருத்தடையைச் சொன்னவர்கள் 37.9 சதவீதம். தமிழ்நாட்டில் பெண் கருத்தடை மட்டும் 58 சதவீதத்தை ஒட்டி.

ஆம்பளை என்றால் என்ன என்பது ஒரு தலைமுறைக்குள் எப்படி மாறியிருக்கிறது பாருங்கள். 1965ல் "ரெண்டு போதும்" என்று தானே போய்ப் படுத்தவர் பொறுப்பான குடும்பத் தலைவர். 1985ல் அதே காரியத்தைச் செய்தவர் ஏமாந்தவர், இளைத்தவர். அப்பாவின் வயது எனக்குத் தெரியாது. அறுபதைத் தாண்டியவர் என்றால் நெருக்கடி நிலைக் காலத்துப் பேச்சு அவர் காதில் விழுந்திருக்கும். அவரிடம் வாதம் பண்ணாமல் அந்தக் காலத்தில் ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் பயப்படுவது கத்திக்கா, கட்டாயப்படுத்தி இழுத்துப் போனதற்கா என்பது அப்போது பிரிந்து தெரியும். இரண்டாவது என்றால், இன்று சம்மதப் படிவத்தில் தன் கையால் கையெழுத்துப் போடாமல் யாரும் தொடமுடியாது என்பதை அவரே படித்துப் பார்க்கட்டும். படிவத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

கொடுமுடி செல்வி

கிராம சுகாதார செவிலியர் வேலையில வீடு வீடாப் போய்ப் பேசற ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் தம்பி: ஆபரேஷன் இருபது நிமிஷம், வீட்டுப் பேச்சு ரெண்டு மாசம். அதுக்கும் ஒரு வரிசை இருக்கு.

முதல்ல, உங்க அம்மாகிட்ட நீங்க சொல்லணும். வீட்டுக்காரி வாயிலேர்ந்து இந்தப் பேச்சு ஒரு தடவைகூட வரக் கூடாது. அவ சொன்னான்னா "மருமக எம்மகனை ஆட்டி வெக்கறா"ன்னு கதை அங்கயே முடிஞ்சிடும், அப்புறம் பத்து வருஷத்துக்கு அந்தப் பேரு அவ தலையில. மாமியார்கிட்டயும் நீங்களே பேசுங்க. அவங்க "எம்பொண்ணே பண்ணிக்குவா"ன்னு சொல்றது மக மேல அக்கறை இல்லாம இல்ல. நாளைக்கு மாப்பிள்ளைக்குத் தலைவலின்னாக்கூட "உன் பொண்ணாலதான்"னு சம்பந்தி வீட்ல சொல்வாங்களேன்னு பயம். "என் முடிவு, எங்கம்மாகிட்ட நான் சொல்லிட்டேன்"னு நீங்க சொன்னீங்கன்னா பாதிப் பயம் போயிடும்.

ரெண்டாவது, ரகசியமாப் பண்ணிட்டு வந்து சொல்லலாம்னு நினைக்காதீங்க. நிறையப் பேர் இதைத்தான் பண்றாங்க, அதுதான் கெடுக்குது. தெரியாமப் பண்ணிட்டா, ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற இடுப்பு வலி, தறி வேலையில வர்ற தோள்பட்டை வலி, சம்பளக் குறைவு எல்லாத்துக்கும் இந்த ஆபரேஷன்தான் காரணம்னு ஆயிடும். முன்கூட்டியே சொல்லி, டாக்டர்கிட்ட அப்பாவையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போனா அந்தப் பேச்சுக்கு இடமில்ல. ஆம்பளை டாக்டர், வயசான டாக்டர் இருந்தா இன்னும் நல்லது. அப்பா அவர்கிட்ட வாய் விட்டுக் கேட்பார்.

மூணாவதைக் கவனமாக் கேளுங்க. ரெண்டும் பொண்ணு. "பலம் போயிடும்"னு அம்மா சொல்றதுக்கு அடியில "ஒரு பேரன்"னு ஒரு ஆசை இருக்கலாம். அதை அவங்க நேரா சொல்ல மாட்டாங்க. இது ரெண்டு தனித்தனிக் கேள்வி. இன்னொரு குழந்தை வேணுமாங்கறது ஒண்ணு, யார் ஆபரேஷன் பண்ணிக்கறதுங்கறது இன்னொண்ணு. முதல் கேள்வியை நீங்க ரெண்டு பேரும் முடிச்சு, "எங்களுக்கு இந்த ரெண்டு பேரும்தான்மா"ன்னு தெளிவாச் சொல்லிட்டு அப்புறம் ரெண்டாவதுக்கு வாங்க. கலந்து பேசினா நீங்க உடம்பைப் பத்தி எவ்வளவு விளக்கினாலும் அம்மா மனசு இறங்காது, ஏன்னா அவங்க கேட்கறது அது இல்ல.

நாலாவது, "நான் தியாகம் பண்றேன்"ங்கற மாதிரி பேசாதீங்க. தியாகம்னா தாய்க்குப் பொறுக்காது, தடுக்கத்தான் பார்ப்பாங்க. "அவளுக்கு வயித்தைத் திறக்கணும், எனக்கு ஒரு வாரம் பீம் தூக்காம இருந்தாப் போதும், சின்னவளைத் தூக்க ஆள் வேணும்ல"ன்னு கணக்காப் பேசுங்க. சம்பாதிக்கறவன் படுத்துடுவானோங்கறதுதான் வீட்டுப் பயம். ஒரு வாரக் கூலிக்கு முன்னாடியே வழி பண்ணி வெச்சுட்டு, அதையும் சொல்லுங்க. தறி ஓட்டம் குறைவா இருக்கற நாளா, இல்லைன்னா நோம்பி விடுமுறையோட ஒட்டின மாதிரி தேதி எடுத்துக்கலாம்.

அரசு விதிப்படி கல்யாணம் ஆனவரா, 60 வயசுக்குள்ள இருக்கணும், ஒரு குழந்தையாவது ஒரு வயசைத் தாண்டியிருக்கணும். உங்களுக்கு எல்லாம் பொருந்துது. மனைவி கையெழுத்து சட்டப்படி தேவையில்ல, ஆனா அவளும் உட்கார்ந்து கேட்கட்டும். ஆதார், பேங்க் பாஸ்புக் நகல் எடுத்துக்குங்க. 2007ல் உயர்த்தின கணக்குப்படி வாசக்டமிக்கு 1,100 ரூபாய் கணக்குல வரும். ஆபரேஷனுக்குக் காசு கிடையாது. உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா எந்த ஜி.எச்.ல என்னைக்குப் பண்றாங்கன்னு சொல்வாங்க, இல்லைன்னா மாவட்டக் குடும்ப நலச் செயலகத்துல கேளுங்க. நவம்பர் 21லேர்ந்து டிசம்பர் 4 வரைக்கும் ஆண்களுக்குன்னே இரு வார விழா நடத்துவாங்க. அப்ப பழகின டாக்டர் கிடைப்பார், கூட நாலு பேரும் வந்திருப்பாங்க.

நடுநிலை

நண்பரே, ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதை நிரந்தரம் என்று நினைத்துத்தான் செய்ய வேண்டும். "வேணும்னா திரும்பச் சேர்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. குழாயை மறுபடி இணைக்கும் அறுவையை நுண்ணோக்கி வைத்து மணிக்கணக்கில் செய்ய வேண்டும். 1991ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மூன்று ஆண்டுக்குள் இணைத்தவர்களில் 76 சதவீதம் பேருக்குக் குழந்தை தரித்தது, 15 ஆண்டு கழித்து இணைத்தவர்களில் 30 சதவீதம்தான். உங்கள் இருவரில் ஒருவருக்கு மனதில் கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் இப்போதைக்கு மனைவிக்குக் காப்பர்-டி (கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போடுங்கள். 380ஏ வகை 10 ஆண்டு வரை நிற்கும், எடுத்துவிட்டால் மறுபடி கரு தரிக்கும். ஆனால் ரத்தசோகை இருப்பவருக்கு அதில் மாதப்போக்கு கூடலாம், அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டாரின் வாயை அடைக்கவோ, மனைவியிடம் நல்ல பெயர் வாங்கவோ அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

பவானிக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இன்னொரு குழந்தை வேண்டாம்னு ரெண்டு பேரும் உறுதியாத்தான் இருக்கோம். டீசர் காளை விஷயத்தை அப்பாகிட்டச் சொல்றேன், மாட்டுக்காரர்தான், புரிஞ்சுக்குவாரு. இன்னும் ஒரு கேள்வி. மூணு மாசம் கழிச்சு விந்துப் பரிசோதனைன்னு சொல்றாங்க. லேப்ல போய் அதைக் குடுக்கறதுக்குக் கூச்சமா இருக்கு. அவசியம் பண்ணணுமா? தெரிஞ்ச சிலர் பண்ணலைங்கறாங்க.

தியேட்டர் சிஸ்டர்

அவசியம் பண்ணணும் தம்பி. உங்களுக்காக இல்லைன்னாலும் உங்க வீட்டம்மாவுக்காகப் பண்ணணும். விளக்கமாவே சொல்றேன்.

ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே பலன் வராது. வெட்டின இடத்துக்கு மேல குழாயிலயும் விந்துப்பையிலயும் ஏற்கனவே வந்து தங்கின அணுக்கள் இருக்கும். அது முழுக்க வெளியேற மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஆணுறை. உறவு ரெண்டு மூணு நாளிலேயே வெச்சுக்கலாம், ஆணுறை இல்லாம மட்டும் கூடாது. வாசக்டமி பண்ணியும் கர்ப்பம் ஆச்சுன்னு வர்றதுல பெரும்பாலானது இந்த மூணு மாசத்துக்குள்ள நடந்த கவனக்குறைவுதான். அபூர்வமா வெட்டின முனைகள் தானாவே ஒட்டிக்கறதும் உண்டு.

இப்ப நினைச்சுப் பாருங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சு நீங்க ஆபரேஷன் பண்ணியாச்சு. பரிசோதனை பண்ணலை. அஞ்சாவது மாசம் வீட்டம்மாவுக்கு நாள் தள்ளிப் போச்சுன்னா, நம்ம ஊர்ல முதல் கேள்வி ஆஸ்பத்திரியைப் பார்த்து வராது, அந்தப் பொண்ணைப் பார்த்துத்தான் வரும். கையில ரிப்போர்ட் இருந்தா, அணு இருந்துச்சா இல்லையான்னு காகிதம் பேசும். பின்னாடி ஒருவேளை நாள் தள்ளிப் போனாலும் நீங்க செய்ய வேண்டிய முதல் காரியம் மறுபடி உங்க விந்தைப் பரிசோதிக்கறது. வாய் திறந்து அவளை ஒரு வார்த்தை கேட்கறதுக்கு முன்னாடி அது.

செய்யற முறை. ரெண்டு நாளாவது உறவு இல்லாம இருங்க, ஏழு நாளுக்கு மேல வேண்டாம். லேப்லயே அகலமான வாயுள்ள டப்பா தருவாங்க, அதுல முழுசா எடுக்கணும். முதல்ல வர்ற துளி வெளியே போயிட்டா அதைச் சொல்லிடுங்க, அணு அதிகமா இருக்கறது அதுலதான். சாதாரண ஆணுறையில எடுத்துட்டு வரக் கூடாது, அதுல இருக்கற பசை அணுக்களைக் கொல்லும், ரிப்போர்ட் பொய்யாயிடும். லேப்ல தனி அறை இருந்தா அங்கயே நல்லது. கூச்சம்னா வீட்லயே எடுத்து, டப்பாவைச் சட்டைக்குள்ள உடம்புச் சூட்டோட வெச்சு ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு போய்க் குடுங்க. பைக் பெட்டியில வெயில்ல வெக்காதீங்க. பேர், எடுத்த நேரம் டப்பா மேல எழுதணும். "வாசக்டமிக்கு அப்புறம் பார்க்கறது"ன்னு லேப்ல சொல்லிடுங்க, இல்லைன்னா குழந்தை இல்லாதவங்களுக்குப் பார்க்கற மாதிரி பார்த்து, கொஞ்சமா இருக்கற அணுவை விட்டுடுவாங்க.

ரிப்போர்ட்ல அணு எதுவும் இல்லைன்னு வரணும். அசையற அணு ஒண்ணு இருந்தாலும் ஆணுறையை நிறுத்தாம, டாக்டர் சொல்ற இடைவெளியில மறுபடி பாருங்க. ஆறு மாசம் ஆகியும் அசையற அணு தெரிஞ்சா ஆபரேஷன் பலிக்கலைன்னு எடுத்துக்கணும், மறுபடி பண்ண வேண்டியிருக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில கருத்தடைச் சான்றிதழே இந்தப் பரிசோதனையில அணு இல்லைன்னு வந்த பிறகுதான் தரணும்னு விதி. பணம் கணக்குல ஏறிடுச்சுன்னு பல பேர் அதோட விட்டுடறாங்க, சான்றிதழ் வாங்கறதே இல்ல. பின்னாடி ஆபரேஷன் தோத்துப் போய் இழப்பீடு கேட்கணும்னா, கர்ப்பம்னு தெரிஞ்ச 90 நாளுக்குள்ள மனு குடுக்கணும், சான்றிதழ் அப்ப தேவைப்படும். சான்றிதழையும் லேப் ரிப்போர்ட்டையும் நகல் எடுத்து, மூலத்தைக் குழந்தைங்க தடுப்பூசி அட்டை இருக்கற ஃபைல்லயே வைங்க. அந்த ஃபைல் எங்க இருக்குன்னு வீட்டம்மாவுக்குத் தெரியணும்.